இரண்டு அடுப்படி வீட்டில் ஒரு தவக்காலம்

வீட்டில் எது இரண்டு இருக்கிறதோ அதில் ஒன்றை இல்லாதவர்களுக்குக் கொடுங்கள், இந்தத் தவக்காலத்தில் அதுவே நோன்பு என்று சாம்பல் புதன் பூசையில் ஃபாதர் சொன்னார். சொன்ன உடனே என் மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் நெற்றியில் சாம்பலோடு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரசங்கம் கோயில் நிறைய இருந்த சனத்துக்குத்தான். ஆனால் அவள் பார்த்தது என்னை.

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் நாங்கள் இருப்பது என்னுடைய வீடு. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் உழைத்து வாங்கிய வீடு. பின்பக்கம் காலியாகக் கிடந்த சிமெண்டுத் தரையில் தகரம் இறக்கி, செங்கல் மேடை கட்டி, எனக்கென்று ஓர் அடுப்படி அமைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். பிறகு மகனும் மருமகளும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியை விட்டுவிட்டு என்னோடு வந்து சேர்ந்தார்கள். லோரி நிறைய அவர்களுடைய சாமான்களும் வந்தன. உள்ளே இருந்த அடுப்படி அவளுக்கு, பின்னால் இருந்தது எனக்கு என்று ஆகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரிக்கவில்லை. அவள் வேலைக்குப் போகிறவள், அவசரச் சமையல். நான் நின்று நிதானமாகச் சமைப்பவள். அதனால்தான் எங்கள் வீட்டில் எல்லாமே இரண்டு. குவாலி என்கிற வாணலி இரண்டு, இட்லிச் சட்டி இரண்டு, தோசைக்கல் இரண்டு, பிளெண்டர் இரண்டு.

இரண்டில் ஒன்று போக வேண்டும் என்றால் எது போகும்? எனக்குப் படிப்பு குறைவு. ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் எழுத்துக்கூட்டப் பழகியதோடு சரி. ஆனாலும் இது தெரியாதவள் இல்லை. சட்டி போகும், பிறகு குவாலி போகும், கடைசியில் சட்டி குவாலி இல்லாத அடுப்படி எதற்கு என்று கேட்பார்கள்.

அவள் கூடத்தில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதைக்குப் போகும்போது அதைக் கோயில் மண்டபத்தில் கொடுத்தால், அங்கிருந்து போர்ட் கிள்ளானில் வேலை செய்யும் வெளிநாட்டுப் பையன்களின் விடுதிகளுக்குப் போகுமாம். முதல் நாளே சுடுதண்ணீர் பிளாஸ்க்கில் ஆரம்பித்தாள்.

"அத்தை, பிளாஸ்க் ரெண்டு இருக்குல்ல?"

"இருக்கு."

"ஒன்னு குடுத்துடலாமா?"

"உன்னோடத குடு."

"என்னோடது புதுசு அத்தை."

"பழசாப் பாத்துக் குடுங்கன்னா ஃபாதர் சொன்னாரு?"

அவள் சிரித்துவிட்டாள். "உங்க வாய ஜெயிக்க முடியாது லா" என்று தன்னுடையதையே எடுத்துப் பெட்டியில் போட்டாள். மற்றவர்களாக இருந்தால் நல்ல பெண் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அதில்தான் சந்தேகம் கூடியது. பிளாஸ்க்கை இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறாள் என்றால் வேறு எதையோ பிடிக்கப் பார்க்கிறாள்.

அன்று முதல் நான் கண்ணையும் காதையும் திறந்தே வைத்திருந்தேன். மகனும் அவளும் மெதுவாகப் பேசுவார்கள். நான் உள்ளே நுழைந்தால் உடனே சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு மாறும். நான் வந்ததும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதற்கு முன்பு பேசியது சாப்பாட்டைப் பற்றி இல்லை. பெட்டியில் என்ன விழுகிறது என்று தினமும் கிளறிப் பார்ப்பேன். என்னுடைய சல்லடையை ஒரு தடவை மீட்டேன். இன்னொரு தடவை தேங்காய்த் துருவியை எடுத்து என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அவள் கேட்கவில்லை. கேட்காததும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் கடைக்குப் போய்விட்டு வருகிறேன், என் அடுப்படியில் அறியாத ஆள் ஒருவன் அளவு நாடாவை இழுத்துக்கொண்டு நிற்கிறான். நம் தமிழ்ப் பையன்தான். காதில் பென்சில்.

"யாருப்பா நீ?"

"சும்மா அளவு பாக்குறேன் ஆன்டி. ஒன்னும் இல்ல லா."

"ஒன்னும் இல்லாததுக்கு எதுக்கு அளவு?"

"பாஸ்தான் கூப்பிட்டாரு. பின்னால இருக்குற இந்த வெட் கிச்சன எடுத்துட்டு வாஷிங் மெஷின், டிரையர் வைக்கலாமான்னு…" என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அண்ணனையே கேட்டுக்குங்க ஆன்டி."

பாஸ் என்றால் என் மகன். நான் கேட்கவில்லை. அவனாக வந்து என்னிடம் சொல்லட்டும் என்று இருந்தேன். அவன் சொல்லவும் இல்லை.

இப்போது என் அடுப்படியின் மேல்தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மருமகள் இந்துக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கினாள். அவளுடைய அம்மா, என் சம்பந்தியம்மா, பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். சுத்த சைவம். கவிச்சி பட்ட பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மகள் மதம் மாறிய கோபத்தில் ரொம்ப நாள் எங்கள் வாசலையே மிதிக்கவில்லை. ஒருவழியாக வந்தபோதும் வாழைப்பழம் ஒன்றைத் தின்றுவிட்டு, கையோடு கொண்டுவந்த பாட்டிலில் தண்ணீர் குடித்துவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லிப் போய்விட்டார். மகள் நம்பினாள். நான் நம்பவில்லை. அவருடைய கண் எங்கள் சட்டிகளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

அடுத்த முறை அவர் வருகிறார் என்று தெரிந்ததும் லிட்டில் இந்தியா கடையில் ஒரு சட்டி, ஒரு சின்னக் குவாலி, கரண்டி, தட்டு, டம்ளர் எல்லாம் புதிதாக வாங்கினேன். அவர் பார்க்கும்படி உறையைப் பிரித்தேன். அவர் பார்க்கும்படி கழுவினேன். கூட்டும் ரசமும் வைத்தேன். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தப் பாத்திரங்கள் வெள்ளைத் துணியில் சுற்றி மேல்தட்டில் இருக்கும். அவர் வரும் நாளில் மட்டும் இறங்கும். அன்றைக்குச் சமையல் என்னுடையது.

மருமகளுக்கு இது தெரியாது, பின்னால் சமைத்து மேசைக்குக் கொண்டுவருவதைத்தான் அவள் பார்ப்பாள். "எங்கம்மா எங்க வீட்டுல கை நனைச்சிட்டாங்க" என்று அன்றைக்குத் தன் சினேகிதிகளுக்கெல்லாம் போன் போட்டு அழுதாள். அம்மா தன்னை மன்னித்துவிட்டார், தன் வீட்டை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்தாள். அதைக் கெடுப்பானேன் என்று நான் விட்டுவிட்டேன்.

நோன்பின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதைக்குக் காரில் போகும்போது பின்சீட்டில் எனக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி, பசைநாடா ஒட்டி மூடியிருந்தது. வளைவில் திரும்பும்போது உள்ளே கணகணவென்று சத்தம்.

"உள்ள என்ன?"

"பாத்திரம்தான் அத்தை."

"யாரு பாத்திரம்?"

"யாரும் பொழங்காதது."

எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. நகத்தால் நாடாவின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன். அதற்குள் கோயில் வந்துவிட்டது. திரும்பி வந்து என் அடுப்படியில் விளக்கைப் போட்டதும் மேல்தட்டைப் பார்த்தேன். காலி. வெள்ளைத் துணி மட்டும் மடித்து வைத்திருந்தது.

"மேல இருந்தத யாரு தொட்டது?"

"நான்தான் அத்தை. அதை நீங்க எடுத்து நான் பார்த்ததே இல்ல. அதே மாதிரி சட்டி கீழயும் இருக்கே. அதுவும் இப்ப வீடே சைவம், ஒரு செட்டே நமக்கு அதிகம்."

தவக்காலத்தில் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. அவள் சொன்ன கணக்கு அவளுக்குச் சரி. ஆனால் கோழியும் மீனும் கொதித்த சட்டி நாற்பது நாளில் சைவச் சட்டி ஆகிவிடுமா? அது அவளுடைய அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"மா, ஒரு சட்டிக்கா இவ்ளோ சத்தம்?" என்றான் மகன்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன் மாமியார் இந்த வீட்டில் சாப்பிடுவது என் பின் அடுப்படியில்தான், இதை மூடினால் அவர் பட்டினி என்று சொன்னால் அளவு நாடாக்காரன் திரும்பி வர மாட்டான். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அடுப்படி எனக்கு நிற்கும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் மன்னிப்பு பொய்யாகப் போய்விடும். கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்தார்கள். கோபமும்தான்.

மறுநாளே சம்பந்தியம்மா கொமுட்டர் ரயில் ஏறி வந்து சேர்ந்தார். எப்போதும் சொல்லிவிட்டு வருகிறவர், இந்தத் தடவை சொல்லாமல் வந்தார். மகளோடு சேர்ந்து என்னிடம் பேசி அடுப்படியைக் கேட்க வந்திருக்கிறாரோ என்று அவரையும் ஒரு பார்வை பார்த்தேன். அவர் நேராகப் பின்னால் வந்தார். அண்ணாந்து மேல்தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானே கொடுத்துவிட்டேன் என்று நினைக்கிறாரா? என் மானமே போன மாதிரி இருந்தது. நான் இல்லை என்று தலையை அசைத்தேன். அவருக்கு என்ன புரிந்ததோ.

அதற்குள் மருமகள் உள் அடுப்படியில் சாம்பார், பொரியல் எல்லாம் முடித்து மேசையில் எடுத்து வைத்துவிட்டாள். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"வாங்கம்மா. இன்னிக்கு என் சமையல்."

"எனக்கு இன்னிக்கு விரதம்மா."

"என்ன விரதம்? சனிக்கிழமைன்னா? இது பங்குனிம்மா, புரட்டாசி இல்ல."

"விடேன்" என்று நான் குறுக்கே போனேன். "அவங்களுக்கு வயித்துல ஏதோ. ரயில் குலுக்கல். நான் இளநி வாங்கித் தரேன்."

என் வாயாலேயே அந்தப் பழைய வயிற்றுப் பொய்யைச் சொன்னேன். மருமகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, சாயங்காலம் சாப்பிடலாம். அம்மா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். அத்தைக்கும் இன்னும் சொல்லல. பின்னால தரை வழுக்குது, அத்தைக்கு முட்டி வலி வேற. அதை எடுத்துட்டு ஒரே கிச்சனா வச்சுக்கலாம்னு இருக்கோம். இனிமே எல்லாருக்கும் ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு."

என் முட்டியைப் பற்றி நான் யாரிடமும் புகார் சொன்னதில்லை. நான் சந்தேகப்பட்டது அத்தனையும் சரி. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

சம்பந்தியம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் எங்க சாப்பிடுறது?"

"இங்கதாம்மா. எங்களோட."

"உன் சட்டியில நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லடி."

மருமகள் கையில் இருந்த கரண்டியை மேசையில் வைத்தாள்.

"அக்கா எனக்குன்னு தனியா வச்சிருந்தாங்க. மேல, துணியில சுத்தி. அதுல பொங்குனாத்தான் எனக்குச் சோறு எறங்கும். நீ போன்ல சொன்ன தானத்துல அதையும் குடுத்துட்டபோல."

 மருமகளின் முகம் சுண்டிப் போயிற்று. "இத்தனை வருஷமாவா?" என்று மட்டும் கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.  கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மகன் பின்னாலேயே ஓடினான்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் மேசையில். நடுவில் ஆறிக்கொண்டிருந்த சாம்பார்.

"ஏன் சம்பந்தி சொன்னீங்க? நான் காப்பாத்திட்டு இருந்தேனே."

"எனக்குப் பசிக்குதுக்கா."

அவர் என் அடுப்படிக்காகப் பேசினாரா, தன் வயிற்றுக்காகப் பேசினாரா என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. கெட்டிக்காரி.

மருமகள் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. கையில் இரண்டு புதுச் சட்டிகள், உறை பிரிக்காதவை. கோயிலுக்குப் போய்க் கொடுத்ததைத் திரும்பக் கேட்டிருப்பாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. அந்த மட்டும் பிழைத்தேன். உள் அடுப்படியைத் தாண்டி, செருப்பைக் கழற்றிவிட்டு என் அடுப்படிக்குள் வந்தாள்.

"அத்தை, நான் வச்சா அம்மா சாப்பிடுவாங்களா?"

"அத உங்கம்மாகிட்ட கேளு."

"கேக்க பயமா இருக்கு. உங்க அடுப்படி, நீங்க சொல்லுங்க."

உங்க அடுப்படி என்று அவள் வாயாலேயே வந்தது. நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் கையைக் கழுவு என்றேன். ஒன்றில் சோறு வைத்துவிட்டுப் புளியைக் கரைக்கச் சொன்னேன். உப்பு எடுக்க உள்ளே போகப் பார்த்தாள், அந்த உப்புக் கரண்டி இங்கே வரக் கூடாது என்று நிறுத்தினேன். மிளகை அவசரமாகத் தட்டினாள். ரசம் நுரை கட்டும்போது சம்பந்தியம்மா வாசலில் வந்து நின்றார். சட்டியைப் பார்த்தார். மகளின் கையைப் பார்த்தார். பிறகு தட்டு எங்கே என்று கேட்டார். புதுத் தட்டு வாங்க மறந்துவிட்டாள். நான் பின்னால் போய் ஒரு வாழையிலை அறுத்து வந்தேன்.

அவர் சாப்பிட்டார். மருமகள் நின்றுகொண்டே பார்த்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல்தான், எனக்கு வாசத்திலேயே தெரிந்தது. சம்பந்தியம்மா இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

அந்த அளவு நாடாக்காரனை வர வேண்டாம் என்று காரிலேயே சொல்லிவிட்டதாக மகன் சொன்னான். நான் சரி என்றேன். ஆனாலும் இன்னொரு தடவை, என் முன்னால், சத்தமாகப் போன் பண்ணிச் சொல்லு என்றேன்.