கிணற்றடி முந்திரியில் கட்டிய நார்

என் அண்ணன் கண்ணையனுக்கு நேற்றுதான் கருமாதி முடிந்தது. அவனைப் பற்றி எல்லாரும் நல்லதாகவே சொன்னார்கள். அதைக் கேட்கவும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவன் இடக்கைக்காரன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜெயங்கொண்டத்துக்கு வடக்கே இருந்த எங்கள் முந்திரித் தோப்பைவிட்டு வேறெங்கும் போய் அவன் தங்கியதில்லை.

நாற்பத்து நான்காம் வருஷத் தை மாதம் பனி விடாமல் இறங்கி, பூவெல்லாம் தீய்ந்ததுபோல் கறுத்தது. சண்டைக்காலம், ரயிலுக்கே விறகு தேடினார்கள். விறகுக் குத்தகைக்காரர் அப்பாவை நெருக்கினார்.

"பட்டுப்போறதை வெட்டிக்கட்டும், பிழைக்கிறது நிக்கட்டும். எது எதுன்னு பாத்துச் சொல்லுங்கடா" என்றார் அப்பா.

நான் கோயம்புத்தூரில் விவசாயம் படித்துவிட்டு வந்திருந்தேன். வெயில் ஏறியபின் நோட்டுப்புத்தகத்தோடு போய், பூக் கருகிய மரத்தையெல்லாம் குறித்துக்கொண்டேன். அண்ணன் விடியுமுன்னே செருப்பில்லாமல் நடந்து, குளிர் எங்கே தேங்குகிறது என்று காலாலேயே பார்த்து வந்திருந்தான். கொம்புப் பட்டையை நகத்தால் கீறினான். உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவிட்டான். காய்ந்திருந்தால் அடிமரத்தில் பனை நாரைக் கட்டினான்.

"பூவைப் பாத்தீங்க படிச்சவரே, கொம்பைக் கேட்டீங்களா?" என்று சிரித்தான்.

அப்பா என் நோட்டைத் திறக்கவேயில்லை. "நார் கட்டினதை மட்டும் வெட்டுங்க" என்றார்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடும்போது நான் தோப்புக்குப் போய், கிணற்றடிப் பெரிய மரத்தில் ஒரு நாரைக் கட்டினேன். அது பிழைக்கும் என்று அவன் விட்ட மரம். அவன் கணக்கு ஒருமுறையாவது தப்ப வேண்டும். அப்பா அதைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் மரம் வெட்டும் சாமிக்கண்ணு அந்தக் கிணற்றடி மரத்தில் நாலு வெட்டு போட்டுவிட்டுக் கோடாலியைக் கீழே வைத்தான். "ஐயா, உள்ள ஈரமா இருக்குங்க. இது பச்சை மரம்."

அப்பா அண்ணனைப் பார்த்துக் கத்தினார். "காய்க்கிற மரத்துக்கா நார் கட்டினே? கண்ணு அவிஞ்சு போச்சாடா?"

அண்ணன் குனிந்து முடிச்சைப் பார்த்தான். அவன் போடும் முடிச்சு இடப்பக்கம் மடங்கும். இது வலப்பக்கம் மடங்கியிருந்தது. நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தான்.

"கை தவறிடுச்சுப்பா" என்றான்.

முடிச்சை அவிழ்த்து நாரை மடியில் செருகிக்கொண்டான்.

அடுத்த தையில் அப்பா என்னைத்தான் தோப்புப் பார்க்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அண்ணன் விடியலில் வந்து, "அந்தத் தாழ்வுல நாலு மரம், தம்பி. உன் கையாலயே கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல பெயர் எனக்கு வந்தது. அவன் சாகும்வரை வருஷாவருஷம் அப்படியே நடந்தது.

அன்றைக்கே அவன் என்னைத் திட்டியிருந்தால் சரியாகிப் போயிருக்கும். அவனைப்போல ஒரு பொழுதுகூட என்னால் இருக்க முடியவில்லை. அந்தப் பொறாமைதான் இன்னும் போகவில்லை.

இந்த வருஷமும் பனி. நாளை விடியுமுன் போகச் சொல்லியிருக்கிறார் அப்பா. செருப்பைக் கழற்றிவிட்டுப் போகப்போகிறேன். தெரியாத மரத்தில் நார் கட்டமாட்டேன். இதுவரை கட்டியதெல்லாம் யார் சொல்லிக் கட்டியது என்பதை, கிணற்றடி மரத்தின் அந்த வெட்டுக்காயத்தருகே நின்று அப்பாவிடம் சொல்லிவிடுவேன்.