சன்னலில் வைத்த போன்

என் தாய்மாமன் பிடிவாதத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். அத்தை காலமான பிறகும் கொல்லிமலையில் இருந்த தன் மிளகுக் காட்டை விட்டு இறங்க மாட்டேன் என்று ஒற்றை ஆளாகவே இருந்தார். பிள்ளைகள் கிடையாது. அப்பாவின் வேலைக்காக நாங்கள் அடிவாரத்தில், காரவள்ளியில் குடியிருந்தோம். ஒரு முறை மாமா காட்டில் மயங்கி விழுந்து பொழுது சாயும் வரை யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறார். பலாப்பழம் ஏற்ற வந்த லாரிக்காரர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. அம்மாவுக்கு அண்ணன் என்றால் உயிர். அன்றைக்கே மலையேறினாள்.

"ஒண்ணு ஊட்டுல போன் வெச்சுக்க. இல்லீன்னா எங்கூடக் கீழ வந்துரு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"போன் வரட்டும், வெச்சுக்கறேன்" என்றார் மாமா. எப்படியும் வராது என்ற தைரியம்தான்.

அந்தத் தைரியத்தை உடைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஊர் ஊராகப் போன் வந்துகொண்டிருந்தது. மாமா இருந்த சரிவுக்கு மட்டும் வரவில்லை. ரோட்டிலிருந்து கம்பம் நட்டுக் கம்பி இழுக்க வேண்டும், இன்னும் சில வீட்டுக்காரர்கள் கேட்டால் பார்க்கலாம் என்றார்கள் டெலிபோன் ஆபீசில். அந்தச் சரிவில் இருந்ததே இரண்டு வீடு. செல்போனுக்கு அங்கே டவர் எட்டவில்லை. எட்டியிருந்தாலும், அதன் கட்டணத்தைச் சொன்னால் மாமா இன்னொரு முறை மயங்கி விழுந்திருப்பார். மிளகு விற்கும்போது மட்டும் கையில் காசு பார்க்கும் மனுஷருக்கு மாதாமாதம் பில் என்பதே பெரிய விஷயம்.

நான் விடவில்லை. பிடிவாதம் மாமாவுக்கு மட்டுமா சொந்தம், எனக்கும் அதே ரத்தம்தானே. கடைசியில் ஆபீசில் ஓர் அம்மா வழி சொன்னார். கம்பியே இல்லாமல் வீட்டில் வைக்கிற போன் ஒன்று வந்திருக்கிறதாம். கிராமத்துக்கு வாடகை குறைவு. நம்மைக் கூப்பிட்டால் நமக்குக் காசு கிடையாது. எங்கள் வீட்டில் ஏற்கெனவே போன் இருந்ததால் நாங்களே கூப்பிட்டுக்கொள்ளலாம். எனக்கு ஆபீஸ் வாசலிலேயே ஆட வேண்டும் போலிருந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. போன் வைக்க வந்தவர் பெட்டியையும் ஆண்டெனாவையும் தூக்கிக்கொண்டு மாமா வீட்டின் மூலை முடுக்கெல்லாம் சுற்றினார். சிக்னல் இல்லை. மாமா பலாச்சுளைத் தட்டோடு அவர் பின்னாலேயே நடந்து, "இங்கயும் இல்லீங்களா? பாவம், நீங்களும் என்னதான் பண்ணுவீங்க" என்று ஆறுதல் சொன்னார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வந்தவர் வாசலுக்கு வந்து எதிரே கையைக் காட்டினார்.

"அந்த ஊட்டுல வெச்சா நல்லா எடுக்குங்க."

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அது பக்கத்துக் காட்டுக்காரர் வீடு. இருவருக்கும் பல வருடங்களாக நேர்ப்பேச்சு கிடையாது. வரப்பில் நின்ற ஒரு சில்வர் ஓக் மரம் மாமாவுடையது. அதில் ஏறியிருந்த மிளகுக்கொடி பக்கத்துக்காரருடையது. மிளகு யாருக்கு என்ற வழக்கு தீரவே இல்லை. இவரும் பறிக்கவில்லை, அவரும் பறிக்கவில்லை. வருடா வருடம் குருவிகள்தான் தின்றன.

நான் அந்த வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். அவருக்கும் வீட்டில் வேறு ஆள் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவன் குரலைக் கேட்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை.

"போன் அந்த ஆளோடதாவே இருக்கட்டுங்க. செவுரு எங்கூட்டுது. வாடகை பாதிப் பாதி" என்றார்.

இந்தப் பக்கம் மாமா, "அந்த ஊட்டுக்குள்ள நான் கால் வெக்க மாட்டேன், சாமி" என்றார்.

இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு கல்லில் நார் உரித்தேன். போன் சன்னல் திண்டில் வைக்கப்பட்டது. கூப்பிட்டால் உள்ளேயிருந்து பக்கத்துக்காரர் எடுப்பார். மாமா வெளியே நின்று, சன்னல் கம்பிக்கு இடையில் ரிசீவரை வாங்கிப் பேசுவார். மழையானால் குடை பிடித்துக்கொண்டு பேசுவார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான் வந்தது. வாடகையில் தன் பாதியை இருவரில் ஒருவர்கூட ஒரு மாதமும் தாமதப்படுத்தியதில்லை. முகத்துக்கு நேரே இனிக்கப் பேசி முதுகுக்குப் பின்னால் குழி பறிக்கிற சொந்தங்களைப் பார்த்துச் சலித்தவள் நான். இவர்கள் பகையில் கள்ளம் இல்லை.

அம்மா தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். எடுத்ததும் பக்கத்துக்காரர் புகார்தான் சொல்வார்.

"அந்த ஆளுக்கு என்னங்க அம்மிணி, கல்லாட்டம் இருக்கறாரு. காலையில எங்கூட்டுக் கோழியப் பூரா வெரட்டிட்டாரு."

"எங்காட்டுக்குள்ள வந்தா வெரட்டாம என்ன பண்றதாம்?" என்று வெளியிலிருந்து மாமாவின் குரல் கேட்கும். அம்மா சிரித்துக்கொண்டே வைத்துவிடுவாள். பல நாள் மாமா போனைக் கையில் வாங்குவதுகூட இல்லை. அந்தச் சத்தமே அவளுக்குப் போதும்.

ஓர் ஐப்பசியில் விடாமல் மழை பெய்தது. ஒரு நாள் சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். வழக்கம்போல அவர்தான் எடுத்தார்.

"நல்லா இருக்கறாருங்க அம்மிணி. காட்டுக்குப் போயிருக்கறாரு. உங்கண்ணன் மாதிரி தங்கமான மனுசன் இந்த மலையிலயே கெடையாதுங்க."

அம்மா ரிசீவரை வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அண்ணனுக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினோம். அம்மா பெரிய பை ஒன்றை வெறுமையாக மடித்து எடுத்துக்கொண்டாள். மாமாவின் துணிமணியெல்லாம் அதில் வர வேண்டும், இந்த முறை ஒரு பேச்சும் கேட்க மாட்டேன் என்றாள். வளைவுக்கு வளைவு அழுதாள். சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் இறங்கி நனைந்துகொண்டே நடந்தோம். மாமா வீடு பூட்டியிருந்தது.

எதிர் வீட்டுக்குள்ளே, போன் இருந்த சன்னலுக்குக் கீழே, அந்தப் பக்கத்துக் காட்டுக்காரரின் கட்டிலில் மாமா படுத்திருந்தார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பக்கத்தில் அவர் உட்கார்ந்து சாமைக் கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மாமா கோபத்தோடு அவர் பக்கம் திரும்பினார்.

"சொல்லிட்டியா?"

"நான் ஒண்ணுமே சொல்லலீங்க" என்று அவர் பதறினார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சிக்குத் தெரிஞ்சாக் கீழ கூட்டிட்டுப் போயிருவான்னு சத்தியம் வாங்கிட்டாருங்க."

"நீங்க எங்கண்ணன நல்லவருன்னு சொன்னீங்களே, அதுலயே தெரிஞ்சு போச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "காச்சல்ல கெடக்கற மனுசன வைய மனசு வரலீங்க அம்மிணி."

பொய் சொல்ல முடிந்த அவரால், முடியாமல் கிடந்த எதிரியை ஏச மட்டும் முடியவில்லை. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிடவும் செய்தேன்.

ஜீப் பிடித்து மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவரும் கூடவே வந்தார். காய்ச்சல் விட்டு மாமா எழுந்து உட்கார்ந்ததும் அம்மாவின் பையைத்தான் பார்த்தார். கேட்கப் பயம். அம்மாவே சொன்னாள்.

"உன்ன மேலயே கொண்டுபோயி உட்டுர்றேன். அங்க உன்னப் பாத்துக்க ஆள் இருக்குது."

கொண்டுபோய் விட்டோம். அம்மாவின் பை காலியாகவே திரும்பியது. வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், எண்களை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பிறகு அவர் எடுத்தார்.

"ஏனுங்க அம்மிணி, இந்தாளை எதுக்குங்க திரும்பக் கொண்டாந்து உட்டீங்க? வந்ததும் வராததுமா எங்கூட்டுக் கோழிய வெரட்டறாரு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நல்லா வைங்க, இன்னும் நல்லா வைங்க" என்றாள்.