சொன்னது சொன்னபடியே

அவிநாசியில் பிறந்தவள் என்பதற்காகத்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. தொழிலாளர்கள் குறைகளை எழுதிப் போட, ஒரு தொண்டு நிறுவனம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பெட்டி வைத்திருந்தது. அதனால் பலன் உண்டா என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். கூட வந்த சென்னைக்காரர்களுக்கு இந்த ஊர்ப் பேச்சு பிடிபடாது, எனக்குப் பிடிபடும் என்று தலைக்கனத்தோடுதான் கிளம்பினேன்.

ஒரு கம்பெனியின் செக்கிங் பிரிவில், தைத்த பனியன்களில் ஓட்டை, கறை பார்க்கும் அக்கா ஒருவரைச் சேவூரில் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன்.

"ஏங்கண்ணு, ஆடிட்டுக்குச் சொல்றதச் சொல்லட்டுமா, நெசத்தச் சொல்லட்டுமா?" என்று சிரித்தார்.

"நானும் இந்தப் பக்கத்துப் புள்ளதானுங்கக்கா. நெசத்தையே சொல்லுங்க."

"பொட்டிச் சாவி சூப்பர்வைசர்கிட்டயே கெடக்குது கண்ணு. அவரப் பத்தி எழுதிப் போட்டா அவரேதான் எடுத்துப் படிப்பாரு."

அறிக்கையில் அவர் பெயரைப் போடவில்லை. ஆனால் பேச்சைச் சொன்னது சொன்னபடியே, 'கண்ணு' உட்பட, தமிழிலேயே எழுதி, கீழே ஆங்கிலத்தில் பொருள் கொடுத்தேன். என்னை எவ்வளவு உரிமையோடு கூப்பிடுகிறார்கள் என்று சென்னைக்காரர்கள் பார்க்கட்டும் என்கிற அற்ப ஆசை. எந்தப் பிரிவு என்றும் எழுதியிருந்தேன். அந்தப் பிரிவில் மற்ற எல்லோரும் தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். இப்படிக் கொங்குப் பேச்சில் கண்ணு போட்டுப் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான். இந்த ஊர்க்காரிக்கு உறைத்திருக்க வேண்டியது அது ஒன்றுதான். அதையே கோட்டை விட்டேன்.

தகவல் சரிபார்க்க, வழக்கம்போல அறிக்கையின் நகல் கம்பெனிக்குப் போனது. மறுவாரமே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

கேள்விப்பட்டு ஓடினேன். என்னால்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நீ போற கம்பெனி ஒண்ணுல சொல்லி உடு கண்ணு. எந்த வேலையானாலும் செய்யறேன்."

மதிப்பீட்டுக்குப் போகிறவர்கள் யாருக்கும் சிபாரிசு செய்யக்கூடாது என்று எங்களுக்கு விதி உண்டு. வெட்கமில்லாமல் அதைச் சொன்னேன். அவரை வீட்டில் தனியாகப் பார்த்து வாயைப் பிடுங்கியபோது எந்த விதியும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இதை எழுதும்போதும் முகம் எரிகிறது.

அக்கா என் தோளைத் தொட்டார்.

"செரி, உடு கண்ணு. என்னால உன்ற வேலைக்கு எதும் ஆயிரக் கூடாது."

நான் தலையாட்டினேன்.