கழுவ வேண்டியது ஒன்றுமில்லை

மதுரையில் நான் சிகிச்சைக்குப் போன மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. வராந்தா முழுக்க இரும்பு நாற்காலிகள். காலையில் எங்கள் ஊர் தாயில்பட்டியில் பஸ் ஏறினால், என் பெயரைக் கூப்பிடுவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். உள்ளே மேசையில் படுப்பது என்னவோ சில நிமிடம்தான். அதற்கா இத்தனை பாடு என்று சலிப்பாக வரும். இனிமேல் கதிர்வீச்சுக்குப் போகப்போகிற உங்களுக்கும் வரும். சலித்துக்கொண்டே போய் வாருங்கள்.

இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. வலிக்கவில்லை, சீசன் முடியட்டும் என்று விட்டுவிட்டேன். பட்டாசு கம்பெனியில் வெடிக் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துகிறவள் நான். தீபாவளி ஆர்டர் நேரத்தில் யார் லீவு தருவார்கள்? பிறகு திசுப் பரிசோதனையில் (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பது) புற்று என்று தெரிந்தது. கட்டியை அறுத்து எடுத்தார்கள். கீமோவும் முடிந்தது. மிச்சமிருந்தது கதிர்வீச்சு (தப்பிப் பிழைத்த புற்றுச் செல்களைக் கதிர் பாய்ச்சி அழிப்பது).

என் கணவருக்கும் அதே கம்பெனிதான், வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. வேலை முடிந்து வந்தால் புழக்கடையில் குளித்து, துணி மாற்றிய பிறகுதான் நாங்கள் பிள்ளையைத் தொடுவோம். அலுமினியப் பொடி மயிர்க்காலில்கூட ஒட்டிக்கொள்ளும். கதிரும் அப்படித்தான் என்று அவர் நினைத்தார். நானும்தான். முதல் நாள் நான் வீடு திரும்பும்போதே வெந்நீர் விளாவி வைத்திருந்தார்.

“நல்லாத் தேய்ச்சுக் குளி. பாப்பாவுக்கு ஒட்டிறக் கூடாது.”

நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்தேன். அப்படியும் பயம் போகவில்லை. எங்கள் மகளுக்கு நாலு வயது, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவள். அவளைப் பக்கத்துத் தெருவில் என் மதினி வீட்டில் படுக்க வைத்தோம். முதலில் அழுதாள். பிறகு அழுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

சில வாரங்களில் நெஞ்சுத் தோல் கருத்து, உரிந்து, நீர் கசிந்தது. கதிர் எங்கே விழ வேண்டும் என்று வரைந்திருந்த மைக்கோடும் அழிந்துபோயிருந்தது. மெஷினை இயக்குகிறவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“கோடு இல்லாம எங்கம்மா குறி வைக்கிறது? தோல் இப்படி இருந்தா சிகிச்சையையே நிறுத்தி வைக்கணும்.”

நிறுத்தினால் புற்று மறுபடி தலையெடுத்துவிடுமே என்று பதறினேன். பெண் மருத்துவர் ஒருவர் வந்து பார்த்தார். அவரிடம் குளியல், பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“உடம்புல பாதிக்கு மேல தண்ணிதாம்மா. கதிர் பட்டதும் அந்தத் தண்ணி உடையுது. உடைஞ்ச துணுக்குகள் பக்கத்துல இருக்கிறதைத் தாக்கும். புற்றுச் செல்லையும் அப்படித்தான் சிதைக்குது. கண் இமைக்கிற நேரத்துல கோடியில ஒரு பங்குகூட ஆகாது, தண்ணி உடைய. நீங்க மேசைய விட்டு எந்திரிக்கும்போது அந்தத் துணுக்கெல்லாம் தீர்ந்திருக்கும். உங்க மேல ஒண்ணும் ஒட்டியிருக்காது.”

“அப்ப இந்தப் புண்ணு?”

“அது தோல் செல்லும் சேர்ந்து அடிபட்டதால வர்றது. கதிர்த்தோல் அழற்சி (கதிர் பட்ட தோல் வெந்து உரிவது). மெதுவாத்தான் வரும், மெதுவாத்தான் ஆறும். நீங்க தேய்ச்சுத் தேய்ச்சு அதிகமாக்கிட்டீங்க.”

“பிள்ளையத் தூக்கலாமா டாக்டர்?”

“இன்னைக்கே தூக்குங்க. வலது பக்கமா.”

இதை முதல் நாளே யாராவது சொல்லியிருப்பார்கள், என் காதில் ஏறியிருக்காது. நீங்களாவது வெட்கப்படாமல் ரெண்டு தடவை கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். “நெசமாவா? டாக்டரம்மாவே சொன்னாகளா?” என்றார் கணவர். புழக்கடைக்குப் போய் வெகுநேரம் திரும்பவில்லை. அழுதிருக்கிறார், முகம் சொன்னது.

புண் கொஞ்சம் ஆறட்டும் என்று இடைவெளி விட்டு, கோட்டை மறுபடி வரைந்து, மீதியையும் முடித்தார்கள். அதற்குப் பிறகு மாதங்கள் ஓடிவிட்டன. தோல் தடித்துக் கிடக்கிறது, தொட்டால் யாருடையதோ மாதிரி இருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார வேண்டியிருக்கிறது. இந்த அசதி எப்போது போகும் என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

மகள் இப்போது என் பக்கத்தில்தான் படுக்கிறாள். ஆனால் நான் கடைக்குப் போய்விட்டு வந்தால்கூட, உள்ளேயிருந்து ஓடி வந்து, நாலடி தள்ளி நின்றுகொள்கிறாள்.

“அம்மா, குளிச்சிட்டியா?”

“குளிக்கல. வா.”

அவள் நின்று யோசிக்கிறாள். நான் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன்.