பேருக்கும் ஊருக்கும் நடுவிலே ஒரு கொமா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவிலே, கொக்குவிலில், எனக்குக் கலியாணம் முற்றாக்கியிருந்த நேரம். என்னைப் பெற்ற ஐயா இங்கிலீசு வாத்தியார். மாமாவாக வரவிருந்த மாப்பிள்ளையின் தகப்பன் கரவெட்டிக்காரர், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்திலே கிளாக்கர். ஊரிலே பாதிப்பேருக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கலியாண அழைப்பிதழை இங்கிலீசிலே அடித்தால்தான் மதிப்பு!

அச்சுக்கூடத்திலிருந்து மாதிரித் தாள் வந்தது. அதிலே ஐயாவின் பேருக்கும் ஊருக்கும் நடுவிலே கொமா, அதுதான் காற்புள்ளி, இல்லை. ஒரு சின்ன வால், அவ்வளவுதான். ஐயா அதைப் போடவேண்டும் என்றார். மாமா தேவையில்லை என்றார். ஐயா இலக்கணப் புத்தகத்தைத் தூக்கினார். கச்சேரியிலே வெள்ளைக்காரத் துரையே போடுவதில்லை என்று மாமா கத்தினார். “அப்ப துரைக்கும் பிழைதான்!” என்று ஐயா சொன்னதுதான் தாமதம், மாமா சால்வையை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

குசினி அடுப்படியிலே நானும் அம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறோம். சீதனத்திலே பிழையில்லை, சாதகத்திலே பிழையில்லை, பிறகு ஏன் இந்தக் கோபம்? ஒன்றும் விளங்கவில்லை.

“உந்த வாலுக்கோ என்ரை கலியாணம் நிக்கப்போகுது?” என்று அழுதேன்.

“ஆருக்குத் தெரியும் பிள்ளை. உவை ரெண்டுபேருக்கும் விசர் பிடிச்சுப்போச்சு” என்றா அம்மா.

இரண்டு வீட்டு ஆம்பிளைகளும் கதை பேச்சில்லை. பொன்னுருக்குக்குக் குறித்த நாள் வந்தது. தாலிக்குப் பொன் உருக்கினால், பிறகு என்ன வந்தாலும் எங்கள் ஊர்ப்பக்கங்களிலே கலியாணத்தை நிறுத்தமாட்டார்கள். மாப்பிள்ளையின் தாய், என் மாமி, என்ன செய்தா தெரியுமோ? மாமா கச்சேரிக்குப் போன கையோடு தட்டாரைக் கூப்பிட்டு உருக்கிப்போட்டா! மாப்பிள்ளையும் மூச்சுக் காட்டாமல் வந்து பக்கத்திலே இருந்தாராம். அதைக் கேட்டபிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அழைப்பிதழ் அடிக்கவேயில்லை. பெண்கள் வீடு வீடாகப் போய் வாயாலே சொன்னார்கள். ஊரே வந்தது. சம்பந்திகள் மட்டும் பந்தலின் இரண்டு மூலையிலே உர்ரென்று நின்றார்கள்.

பிறகு அவர்களுக்கு அதுவே பொழுதுபோக்காகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொமாச் சண்டை பிடிக்கவென்றே மாமா கரவெட்டியிலிருந்து பஸ் ஏறி வருவார். தேத்தண்ணி ஆறும், சண்டை ஆறாது. இது கோபமா, சிநேகிதமா? அதுவும் எனக்கு விளங்கவில்லை.

உலக யுத்தம் முடிந்த கையோடு ஐயா காலமானார். இங்கிலீசுப் பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதியவர் மாமாதான். எட்டிப் பார்த்தேன். எனக்கு இங்கிலீசு கொஞ்சம்தான் தெரியும், ஆனால் அந்த வாலை மறப்பேனோ? ஐயாவின் பேருக்கும் கொக்குவிலுக்கும் நடுவிலே அது இருந்தது.

“மாமா, உது பிழையெண்டெல்லோ இவ்வளவு காலமும் சொன்னியள்?”

“ஓம் பிள்ளை, பிழைதான். போடாட்டில் மனுசன் எழும்பி வந்து கத்தும்” என்றவர், பேனையை வைத்துவிட்டு விக்கி விக்கி அழுதார்.

ஆர் சொன்னது சரியென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இங்கிலீசு படிக்கிற என் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்தான், ஆனால் கேட்டால் இரண்டு பேரிலே ஒருத்தர் தோற்கவேண்டி வருமே என்று கேட்காமலே இருக்கிறேன்.