ஊசிக்கு மறுநாள்

1. சொல்லாமல் விட்டது

கிராம சுகாதார செவிலியராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் புதன்கிழமையே என் சீனியர் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். "முத்தடுப்பு ஊசி போட்டா ஜுரம் வரும்னு வாயத் தொறந்துடாதே. அப்புறம் ஒருத்தியும் புள்ளையத் தூக்கிக்கினு வர மாட்டா."

நானும் வாயை மூடிக்கொண்டேன். தியாகதுருகம் பக்கத்தில், கரும்பு வெட்டப் போகிறவர்கள் குடியிருந்த ஒரு தெருவில், செல்வி என்பவளின் கைக்குழந்தைக்கு முதல் ஊசி போட்டேன். குழந்தைக்கு ஜுரம் அடித்தது, தொடை வீங்கியது. இரண்டாவது ஊசிக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது. அடுத்த புதனும் அப்படித்தான். உள்ளே குழந்தையின் சத்தம் கேட்டது. "படிக்காத ஜனம், இதுங்களுக்கு எங்க புரியப்போவுது" என்று பால்வாடி டீச்சரிடம் பொரிந்து தள்ளினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2. புளியமரம் விழுந்த ரோடு

1987, இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வாரம். ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை. அதே வாரம்தான் செல்வி வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் கக்குவான் இருமல் வந்தது. இருமி இருமி ஒரு குழந்தையின் முகம் நீலம் பாரித்ததை நானே பார்த்தேன். செல்வியின் குழந்தைக்கு வந்தால் தாங்காது. முத்தடுப்பு ஊசி இந்த இருமலையும் தடுக்கும், ஆனால் முதல் ஊசி மட்டும் போதாது.

தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். விழுந்து கிடந்த புளியமரத்தின் முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அதில் செல்வியின் புருஷன் ஏழுமலையும் இருந்தான்.

"பெட்டில இன்னா?" என்று ஒருவர் மறித்தார்.

"ஊசி மருந்து. வுடுப்பா, போவட்டும்" என்றான் ஏழுமலை. பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க வூட்டுக்கு மட்டும் வராதீங்க நர்ஸம்மா. ஜுரம் வரும்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியும் இல்ல?" என்றான்.

பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "தெரியும். சொன்னா வர மாட்டீங்கன்னு சொல்லல. என் தப்புதான்."

அவன் சத்தம் போடவில்லை. "சொல்லியிருந்தா வேற நாளு வெச்சிக்கினு இருப்போம். மறுநாளு ஆலைக்குக் கரும்பு வெட்டு. ஜுரத்துல கெடக்கிற புள்ளைய வுட்டுட்டு அவ எப்படிப் போவா? ரெண்டு நாளு போவல. மேஸ்திரி அந்த வாரம் பூரா வேற ஆள வெச்சிட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அவர்கள் ஊசிக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் பயந்தது மறுநாளுக்கு.

"பக்கத்துத் தெரு புள்ள இருமுறது கேட்டுதா ஏழுமலை?"

"கேட்டுக்கினுதான் கீறோம்."

"இன்னிக்குப் போட்டாலும் ஜுரம் வரும். மாத்திரை தரேன். ஆனா நாளைக்குச் செல்வி வேலைக்குப் போவ முடியாது."

அவன் மரத்தைத் திரும்பிப் பார்த்தான். "நாளைக்கு எந்த வண்டி ஓடப்போவுது, இவ கரும்பு வெட்ட? வாங்க, நானே கூட்டிக்கினு போறேன்."

3. வந்த ஜுரம்

பால்வாடி அடுப்பில் ஊசியைக் கொதிக்கவைத்துப் போட்டேன். பஸ் இல்லாததால் டீச்சர் வீட்டிலேயே தங்கிவிட்டு, காலையில் போய்ப் பார்த்தேன். செல்வி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழுமலை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தான்.

"வந்துச்சு நர்ஸம்மா, நீங்க சொன்ன மாதிரியே" என்றான். அவன் குரலில் குறை எதுவும் இல்லை. சாயங்காலம் ஜுரம் விட்டது.

இருமல் அவர்கள் தெருவுக்கும் வந்தது. செல்வியின் குழந்தையைத் தொடவில்லை. மூன்றாவது ஊசியை, மறுநாள் வெட்டு இல்லை என்று மேஸ்திரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரு சனிக்கிழமை போட்டேன். ஊசி நாளான புதன்கிழமைக்கு என்ன கேடு என்று ஆபீஸில் திட்டு விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது வேலைக்கு வரும் பெண்கள் 'பெற்றோர் மறுப்பு' என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், நாளைக்கு அந்த வீட்டில் குழந்தையை யார் வைத்திருப்பார்கள் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.