பாகுப் பதத்தில் விட்ட ஒரு வரி

என்னைப் பற்றி நானே எழுதினால் யோக்கியமாகத்தான் எழுதுவேன் என்று நம்பிவிடாதீர்கள். அந்தப் பழக்கம் எனக்குப் புதிது.

பெயர் பிரதிபா. வயது நாற்பத்து மூன்று. அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது, அக்ரஹாரத்து வாடகை வீட்டில் குடித்தனம் வைத்தது எல்லாம் இங்கேதான். பதினாறு வருஷம் ஒரு கம்பெனியில் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் கையேடு எழுதினேன். ‘மூடியைத் திறக்கும் முன் சுவிட்சை அணைக்கவும்’ மாதிரி. ஒரு வரியை விட்டால் யாரோ ஒருவருக்கு விரல் போய்விடும் என்று தெரிந்து வேலை பார்த்தவள். அப்படிப்பட்டவள் செய்த காரியம்தான் இது.

அந்த வேலையை விட்டுவிட்டு மின்மடல் ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சமையல் குறிப்பு, மின்னஞ்சலில் போகும். கொள்ளேகால், ஹனூர் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கேட்டு வந்து, மூன்று தடவை செய்து பார்த்துத்தான் அனுப்புவேன். மாதம் நூற்றைம்பது ரூபாய் சந்தா. ‘மூன்று முறை சமைத்த பிறகே உங்களுக்கு’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். அதை நம்பி இருநூற்று அறுபது பேர் சேர்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு சமையல் புத்தகம் எழுத ஒரு வாய்ப்பு வந்தது. சென்னைப் பதிப்பகம், எழுபது குறிப்பு, ஒரு வருஷம் கெடு. பதிப்பாசிரியர் பூங்குழலி போனில் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். “மடல்ல வந்ததையே புத்தகத்துல போட்டா யார் மேடம் காசு குடுத்து வாங்குவாங்க?”

நியாயமான கேள்வி. அதற்கு நான் கண்டுபிடித்த பதில்தான் அநியாயம். வாரத்துக்கு ஒரு மடல், இரண்டு புத்தகக் குறிப்பு என்று அடுப்பு அணையாமல் எரிந்தது. நல்லதாக வந்தால் புத்தகத்துக்கு, சுமாராக வந்தால் மடலுக்கு என்று பிரித்தேன். அதுவும் பத்தாமல், நல்ல குறிப்பிலிருந்து உயிரான ஒரு வரியை மட்டும் உருவிப் புத்தகத்துக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை மடலில் அனுப்பத் தொடங்கினேன். என் கணவர் அபிஜித் ஒருநாள் படித்துவிட்டு, “என்ன பிரதிபா, பாதியில நின்ன மாதிரி இருக்கே?” என்றார். “சமையலைப் பத்தி உங்களுக்கு என்ன கொத்து? சும்னிருங்க” என்று மைசூர்க் கன்னடம் கலந்து, என்ன தெரியும், சும்மா இருங்கள் என்று அவர் வாயை அடைத்தேன்.

தீபாவளிக்கு முந்தைய மடலில் கஜ்ஜாயம். நம் அதிரசம்தான். இந்தப் பக்கத்துத் தீபாவளி நோம்பில் இருபத்தொரு கஜ்ஜாயம் சுட்டு சாமிக்கு வைப்பார்கள். அது எண்ணெயில் பிரிந்துபோனால், சுட்ட பெண் சுத்தபத்தமாக இல்லை என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளும் வீடுகள் உண்டு. எல்லாம் வெல்லப்பாகின் பதம், வேறென்ன? கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் உருட்டினால் மெத்தென்று திரள வேண்டும். அந்த வரியைப் புத்தகத்துக்கு ஒதுக்கிவிட்டேன். மடலில் ‘பாகு நுரைத்து வந்ததும் இறக்கவும்’ என்று முடித்தேன். அந்த வீடுகளில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

தீபாவளிக்கு மறுநாள் வினிதா என்ற சந்தாதாரரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஹனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து எட்டு மாதமான பெண். புகுந்த வீட்டில் முதல் நோம்பு. கூடவே ஒரு படம்: வாணலி எண்ணெய் முழுக்கப் பழுப்புத் துணுக்குகள். ‘அக்கா, நீங்க எழுதுனபடிதான் பண்ணினேனுங்க. ஒண்ணுகூட நிக்கலீங்க. என் தப்பு எங்கன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்.’

என் மேல் அவளுக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. ஆனால் கை என்ன எழுதிற்று தெரியுமா? ‘அரிசி மாவில் ஈரம் அதிகமாக இருந்திருக்கும். அடுத்த முறை கவனமாக இருங்கள்.’ சிரிக்கும் முகம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். தூ! நானெல்லாம் ஒரு மனுஷியா?

‘ரொம்ப நன்றிங்கக்கா’ என்று பதில் வந்தது. மாதச் சந்தாவை வருஷச் சந்தாவாக மாற்றியிருந்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் வினிதாவே வாசலில் நின்றாள். மடலின் அடியில் என் விலாசம் இருக்கும். வெல்லமும் அரிசி மாவும் போட்ட பையோடு, கொள்ளேகாலில் பஸ் மாறி வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மன்னிச்சுக்கோங்கக்கா, சொல்லாம வந்துட்டனுங்க. தீபாவளியில இருந்து எங்கத்தை என்னை அடுப்பங்கரைக்குள்ள உடறதில்லீங்க. வர்ற பௌர்ணமிக்கு மறுபடி நோம்பு எடுக்கறாங்க, என்னைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. தீட்டோட செஞ்சுட்டேன்னு சொந்தக்காரங்க அத்தன பேரும் பேசறாங்க. நான் அப்படிச் செய்வனுங்களா? நீங்க பண்றத ஒருக்கா கண்ணால பாத்துட்டுப் போயிடறனுங்க.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுப்பைப் பற்றவைத்து அவள் கொண்டுவந்த வெல்லத்தைக் கரைத்தேன். வடிகட்டி மறுபடி ஏற்றினேன். நுரைத்து வந்தது. “இறக்கிரலாமுங்களா?” என்றாள். என் கை பழக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தை இழுத்து, ஒரு சொட்டு விட்டு, உருட்டிப் பார்த்தது. பாகு திரளாமல் கரைந்து ஓடியது. இன்னும் கொதிக்கட்டும் என்று விட்டேன்.

வினிதா கிண்ணத்தைப் பார்த்தாள். “இது மடல்ல இல்லீங்களேக்கா.”

“இல்ல.”

“எழுத மறந்துட்டீங்களா?”

ஆமாம் என்று சொன்னால் போதும். தப்பிக்க வழியை அவளே எடுத்துக் கொடுக்கிறாள், பாவி நான் அவளுக்குச் செய்தது தெரியாமல். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் வரவில்லை.

“மறக்கல வினிதா. புத்தகத்துல போடலாம்னு எடுத்து வெச்சுக்கிட்டேன். மாவுல ஈரம்னு சொன்னதும் பொய். உன் மேல ஒரு தப்பும் இல்ல.”

அவள் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நான் சுத்தமாத்தான் இருந்திருக்கேன்” என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு போனை எடுத்தாள்.

“இதை எங்கத்தைகிட்ட நீங்களே சொல்லீருங்கக்கா. நான் சொன்னா நம்பமாட்டாங்க.”

ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் அவள் மாமியார் நாச்சம்மாள். பின்னால் நாலைந்து பெண்கள் பேசும் சத்தம். முன்பின் தெரியாத அந்த வீட்டுக்கு என் பெயரைச் சொல்லி, நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பாதியிலேயே மற்றப் பேச்சுகள் நின்றுவிட்டன. எல்லோரும் கேட்கிறார்கள் என்று புரிந்தது.

“ஏம்மா, அந்தப் புள்ளகிட்ட நீ காசு வாங்கறயல்ல?” என்றார் நாச்சம்மாள்.

“வாங்கறேங்க.”

“வாங்கிப்போட்டு எதுக்கு மறைச்சே?”

“புத்தகத்துக்குங்க.”

புத்தகத்துக்கு! ஒரு பெண்ணின் மானம் போனதற்கு என்னிடம் இருந்த காரணம் அவ்வளவுதான். நாச்சம்மாள் அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. “வினிதா, கெளம்பி வா கண்ணு. பௌர்ணமிக்கு நீயே பாகு காச்சு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பாகு திரண்டிருந்தது. வினிதாவே இன்னொரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு, இறக்கி மாவைக் கொட்டிக் கிளறினாள். ஆறியதும் டப்பாவில் அடைத்துப் பையில் வைத்தாள். காபி வேண்டாம் என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டவள் திரும்பி வந்தாள்.

“அக்கா, இந்த மடல் வராம நிறுத்தறது எப்படிங்க? எனக்கு அதுல தெரியலீங்க.”

கேலி இல்லை, குத்தல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். நான் அவள் போனை வாங்கி, என் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த ‘சந்தாவை நிறுத்த’ என்பதைத் தேடி எடுத்தேன். ‘நிச்சயமாக நிறுத்த வேண்டுமா?’ என்று அது கேட்டது. அவளுக்குப் பதிலாக நானே ‘ஆம்’ என்று அழுத்திக் கொடுத்தேன்.